தண்ணியில் நின்ற கான்டஸா

கலீமுல்லா பெயிண்டைப் பார்க்கவே மாட்டார். பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். வெயிலில் நிறுத்தி, இந்தப் பக்கம் குனிந்து அந்தப் பக்கம் நிமிர்ந்து, தன் மூஞ்சி அதில் தெரிகிறதென்று சந்தோஷப்படுவார்கள். "மூஞ்சி பாக்கணும்னா ரங்கநாதன் தெருவுல அம்பது ரூபாய்க்குக் கண்ணாடி விக்கிறான் நைனா, பதினோரு லட்சம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைத் திறப்பார். உட்கார மாட்டார். தலையை மட்டும் உள்ளே விட்டு மூக்கால் ஒரு இழு. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி, எவனும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி முழத்தைப் பார்ப்பார். அப்புறம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெளியே வந்தால் ஒரே வார்த்தை. எடு, இல்லையென்றால் விடு.

அந்த ஒரு வார்த்தைக்காக மயிலாப்பூரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் ஆட்கள் மந்தைவெளியில் இருக்கும் அவருடைய டிங்கர் ஷெட்டுக்கு வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தகரம் தட்ட ஆரம்பித்து நாற்பது வருஷம் ஆகிறது. சொந்தமாகக் கார் கிடையாது, ஒரு மொபெட்தான். ஆனால் அவர் 'எடு' என்று சொன்ன வண்டி ஒன்றுகூட இதுவரை சண்டைக்குத் திரும்பி வந்ததில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் கூட்டிவரும் மெக்கானிக்கை விற்கிறவன் தனியே கை கழுவக் கூட்டிப்போவான். கழுவித் துடைத்துத் திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு கவர் இருக்கும். அதற்கு டீ செலவு என்று பெயர். கவர் கனமாக இருந்தால் வண்டியில் துரு குறைந்துவிடும். கலீமுல்லா கிரீஸ் கையோடே வீட்டுக்குப் போவாரே தவிர, விற்கிறவன் வீட்டுக் குழாயைத் தொட மாட்டார். அவர் பேர் நின்றதே அதில்தான்.

சாய்நாத் அவரைக் கூட்டிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறு காந்தி நகருக்கு. சாய்நாத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், சாஃப்ட்வேர் கம்பெனி உத்தியோகம். தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கான்டஸா கார் ஒன்று, வெள்ளை நிறம், விலை பதினோரு லட்சம். அவன் கான்டஸாவை ஒருநாளும் ஓட்டியதில்லை, வீடியோவில் பார்த்ததோடு சரி. ஆனாலும் வண்டிக்கு மூடுகிற உறை ஏற்கெனவே ஆர்டர் போட்டாகிவிட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடியே உறையா?"

"ஆஃபர் போட்டிருந்தான் பாய்."

கலீமுல்லாவுக்கு அங்கேயே வாய் கசந்தது. பத்து வருஷத்துக்கு முன் இதே கான்டஸாவை எழுபதாயிரத்துக்கு எடுக்க ஆளில்லை. பெட்ரோலைக் குடிக்கிறது என்று திட்டி, எடைக்குப் போட்டார்கள். இப்போது எவனோ ஒருத்தன் கடற்கரைச் சாலையில் சாயங்கால வெளிச்சத்தில் மெதுவாக ஓட்டி, பின்னால் பாட்டைப் போட்டு, வீடியோவாக ஃபோனில் விட்டான். அதே தகரம் லட்சக்கணக்கில் பேசுகிறது.

விற்கிறவன் பேர் அனிருத். தாடியைச் சீவி விட்டிருந்தான். பழைய வண்டியைத் தேடிப்பிடித்து மினுக்கி விற்பதுதான் பிழைப்பு, ஆனால் பேச்சில் அப்படிச் சொல்ல மாட்டான்.

"இது எங்க பெரியப்பா வண்டிண்ணா. டாக்டர். வெயில் படாம வெச்சிருந்தார். எனக்கு விக்கவே மனசில்ல. எமோஷன்ணா இது."

"எமோஷன் எத்தினி லட்சம், வண்டி எத்தினி லட்சம்? தனித்தனியா சொல்லு தம்பி."

சாய்நாத் சிரித்தான். அனிருத்தும் சிரிக்க வேண்டியதாயிற்று.

உள்ளே மூன்று வாசனை டப்பாக்கள் தொங்கின. கலீமுல்லா மூன்றையும் கழற்றி வெளியே வைத்தார். கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்தி, வண்டியை வெயிலில் தள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து தலையை விட்டார். எலுமிச்சை வாசனைக்குக் கீழே அது இருந்தது. ஈரச் சாக்கைச் சுருட்டிக் கட்டி மாசக்கணக்கில் மூலையில் போட்டால் வருமே, அந்த வீச்சம். பெல்ட்டை உருவினார், புதுசு. நான்கும் புதுசு. வெயில் படாத வண்டிக்கு நான்கு பெல்ட்டும் எதற்கு மாற்ற வேண்டும்?

"ரெண்டாயிரத்துப் பாஞ்சு வெள்ளத்துல இந்த வண்டி எங்க இருந்துச்சு?"

"அப்போ கோயம்புத்தூர்லண்ணா. பெரியப்பா கான்ஃபரன்ஸுக்கு எடுத்துட்டுப் போயிருந்தார்."

"டிசம்பர் ஒண்ணாந்தேதி, கொட்டற மழையில, கோயம்புத்தூருக்கு இந்த வண்டிய ஓட்டிக்கினு போனாரா டாக்டரு?"

"அதுக்கு முன்னாடியே போயிட்டார்ணா. வாங்களேன், கை கழுவிட்டு ஒரு காபி…"

"கையி இன்னும் அழுக்காவல."

கார்ப்பெட்டைத் தூக்கக் கூடாது, ஒரிஜினல், கிளிப் உடைந்துவிடும் என்று அனிருத் குறுக்கே வந்தான். உடைந்தால் நான் வாங்கித் தருகிறேன் என்று கலீமுல்லா தூக்கினார். அடியில் கறுப்பாகத் தார் பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பேட்ச் அடித்த தகரம். இன்னும் சுரண்டினார். மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு மேல் நீலத்தில் ஒரு எழுத்து, அப்புறம் இன்னொன்று.

'அரவை.'

கலீமுல்லாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வெள்ளம் வடிந்த தை மாதம் அது. கோட்டூர்புரத்து புரோக்கர் ஒருத்தன் தண்ணியில் நின்ற கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வரிசையாக மந்தைவெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். ஊரில் வேலை செய்ய ஆளுமில்லை, தகரமும் கிடைக்கவில்லை. கேட்ட கூலி கொடுத்தான். கலீமுல்லா பதினோரு வண்டி செய்தார். அதில் ஒரு கான்டஸாவுக்கு, ஃப்ளோர் அழுகியதற்குத் தகரம் இல்லாமல், மூடிப்போன மாவு மில்லின் தகரப் பெயர்ப் பலகையைக் கழற்றி, கத்தரியால் வெட்டிப் பற்றவைத்தார். முதல் துண்டு டிரைவர் காலடியில் போயிற்று. கடைசித் துண்டு பின் சீட்டுக்கு அடியில். எல்லாவற்றுக்கும் மேல் தார்.

அந்த வண்டிகளிலிருந்து அவர் வழித்துக் கொட்டியதை இன்றும் நினைத்தால் சோறு இறங்காது. மண் மட்டுமா அது? சாக்கடை, ஊறிப்போன எலி, யார் வீட்டுப் பிள்ளையுடையதோ ஒரு பள்ளிக்கூட ஷூ. ஃபினாயிலை ஊற்றி ஊற்றிக் கழுவினார். மனைவி அஃப்சருன்னிசா தட்டை முன்னால் வைத்துவிட்டு நான்கடி தள்ளிப் போய் உட்காருவாள். "குளிச்சிட்டுதானே வந்தேன்?" என்று கேட்டால், "குளிச்சா போற நாத்தமா இது?" என்பாள். பதினோராவது வண்டியோடு நிறுத்தினார். நான் தகரம் அடித்தேன், பொய் சொல்லி விற்றது வேறொருத்தன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன்பிறகுதான் வண்டி பார்த்துச் சொல்லும் ஆளாக ஆனார். அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் அவர் எதிரில் வந்து நின்றதில்லை.

இப்போது வந்து நிற்கிறது. 'விடு' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சொல்லவும் சொன்னார்.

"விடு சார். தண்ணியில நின்ன வண்டி."

அனிருத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு பேட்ச்ச பாத்துட்டுத் தண்ணின்னு சொல்லுவீங்களா? பழைய வண்டின்னா துரு வரத்தான் செய்யும். துருவுக்குப் பேட்ச் போடுவாங்க. தண்ணின்னா ப்ரூஃப் குடுங்க. ப்ரோ, வேற யாரையாவது நல்ல மெக்கானிக்கா கூட்டிட்டு வாங்க."

சாய்நாத்தும் அசைந்தான். அவன் கண் பெயிண்டின் மேல்தான் இருந்தது. "அவர் சொல்றதும் கரெக்ட்தான் பாய். துரு காமன்னு நானும் படிச்சேன். துருவா இருந்தா பரவாயில்லதானே?"

துரு என்று தலையாட்டினால் போதும். வண்டி போகும், பேர் நிற்கும், பலகை தாருக்குள் கிடக்கும். உண்மையைச் சொன்னால், நாளைக்கு மந்தைவெளியில் எந்த முகத்தோடு இன்னொருத்தன் வண்டியை முகர்ந்து பார்ப்பது? கலீமுல்லா ஃப்ளெக்ஸைச் சுருட்டினார். அந்த வீச்சம் மூக்கை விட்டுப் போகவில்லை.

"ப்ரூஃபு நான்தான்" என்றார். "இந்த வேலைய பண்ணது நான். மாவு மில்லு போர்டு அது. பின்சீட்ட தூக்கிச் சுரண்டு. 'நிலையம்'னு இருக்கும்."

சாய்நாத் ஓடிப்போய்ச் சீட்டைத் தூக்கினான். சாவியால் சுரண்டினான். நீலத்தில் 'நிலை' வந்தது. மிச்சத்தைச் சுரண்ட வேண்டியிருக்கவில்லை.

சாய்நாத் கலீமுல்லாவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தான். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது மாதிரி இருந்தது அது. பார்க்கட்டுமே என்று கலீமுல்லா பொறுத்துக்கொண்டார். பிறகு அவன் அனிருத் பக்கம் திரும்பினான்.

"ப்ரோ, அப்போ பதினொண்ணு கிடையாது."

"எவ்ளோ சொல்றீங்க?"

"ஏழு."

"ப்ரோ, இந்த பெயிண்டுக்கே ஒண்ணரை ஆச்சு! ஒன்பதுக்குக் கீழ நான் சத்தியமா…"

கலீமுல்லாவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "சார், விடுன்னு சொன்னேன். உனுக்குக் கேக்கல? ஒரு லட்சம்கூடப் பெறாது இது. வயருங்க உள்ள பச்சை பூத்துக்கினு இருக்கும். ஒருநா நடு ரோட்டுல பொகையும். வூட்டம்மா, பாப்பா எல்லாம் உள்ள இருப்பாங்க."

"புரியுது பாய். ஆனா விஷயம் தெரிஞ்சுதானே வாங்கறேன்? அதுக்குத்தான் டிஸ்கவுன்ட் கேக்கறேன்." சாய்நாத் அவர் தோளைத் தட்டினான். "அதுவும் இல்லாம, ஒன்பது வருஷமா நிக்குதே! செமயா பண்ணியிருக்கீங்க பாய்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பாராட்டுக்குத் தோளை விலக்கிக்கொண்டார்.

எட்டே கால் லட்சத்தில் பேரம் முடிந்தது. இரண்டு பேரும் கை குலுக்கி, வண்டிக்கு முன்னால் நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கலீமுல்லாவையும் நிற்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. கிளம்பும்போது சாய்நாத் அவருடைய கூலியைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"பாய், இந்த போர்டு விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். நாளைக்கு நானும் விக்கணும்னா ரேட் அடிபடும் பாருங்க."

"கேட்டா சொல்லுவேன் சார்."

"யாரு கேக்கப் போறாங்க?" என்று அவன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து அஃப்சருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்தில் வாங்கிய சங்கரா. "சொன்னது நல்லதுதான். இனிமே உன்ன யாரும் கூப்புடலைன்னா கம்முனு தகரத்தத் தட்டு" என்றாள்.

கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டார்கள், அதுதான் கேவலம். அனிருத் தன் கூட்டாளிகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. வேளச்சேரியிலிருந்து ஒருத்தன், "பாய், தண்ணியில நின்ன வண்டிய ஒன்பது வருஷத்துக்குத் தெரியாம பண்ணுவீங்களாமே, நம்மகிட்ட ரெண்டு கீது" என்றான். தி. நகர்க்காரன் ஒருத்தன் என்ன கூலி கேட்டாலும் தருகிறேன் என்றான். நாற்பது வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக அவரிடம் யாரும் பேசியதில்லை. ஒவ்வொருத்தனையும் அம்மா, அக்கா எல்லாம் சேர்த்துத் திட்டிவிட்டு ஃபோனை வைத்தார். வாங்குகிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்கு 'கலீம் பாய் பாத்தா சரி' என்று வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

இரண்டு மாதம் போயிருக்கும். மழை ஆரம்பித்த வாரம் சாய்நாத்திடமிருந்து ஃபோன்.

"பாய், எப்படி இருக்கீங்க? அந்த வண்டி… மழை வந்ததும் உள்ள ஒரே ஸ்மெல் பாய். என் வைஃப் ஏறவே மாட்டேங்கறா. குழந்தை வாந்தி எடுத்துட்டா."

"சொன்னேனே சார்."

"அது போகட்டும். ஒரு பார்ட்டி செட்டாயிருக்கு. மயிலாப்பூர்ல காலேஜ் வாத்தியார், கஸ்தூரிரங்கன்னு. ரிட்டயர் ஆன பணத்துல வாங்கறார். பன்னிரண்டு சொல்லியிருக்கேன், ஓக்கே சொல்லிட்டார். ஆனா ஒரு சின்ன பிராப்ளம். ஞாயித்துக்கிழமை வண்டி பாக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றேங்கறார். ஆளு யாருன்னு கேட்டா உங்க பேர சொல்றார் பாய்!"

அந்தப் பக்கம் சாய்நாத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு இல்ல? நீங்க சனிக்கிழமையே வந்து அந்த எழுத்து மேல கொஞ்சம் தார் அடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு வார்த்தை 'எடு'ன்னுடுங்க. உங்களுக்குத் தனியா பாத்துக்கறேன். உங்க வேலைதானே பாய் அது, உங்க பேருக்கும் பிரச்சினை வராது."

"தாரெல்லாம் வாணாம் சார்" என்றார் கலீமுல்லா. "கார்ப்பெட்ட தூக்கியே வையி. ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு வரணும்?"