கோரை முடிச்சும் கார்டு சாரும்

போன வெள்ளிக்கிழமை காலை பஸ் எங்கள் ஊரில் வந்து திரும்பும்போது, டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பெரியவரே, உங்க கார்டு சார் போய்ட்டாராம். கண்ணமங்கலத்துலேர்ந்து போன் வந்துச்சு" என்றார். காயப்போட்டிருந்த கேழ்வரகை அப்படியே விட்டு, அதே பஸ்ஸில் ஏறினேன். எடுப்பதற்கு முன்னால் போய் முகம் பார்த்துவிட்டேன்.

பாரஸ்ட் கார்டு ராமலிங்கம் அவர்களுக்குப் பதினாறாம் நாள் நினைவு மலர் போடுகிறார்கள். அதில் நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர் மகள் சாந்தி கேட்டது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல சாந்தி பாப்பாதான் எழுதுகிறது. அது கேட்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

எமர்ஜென்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சார் ஜவ்வாது மலைக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு கோழி கேட்காத முதல் கார்டு அவர்தான். கோரை மண்டிய எங்கள் பெரிய ஏரியைப் பறவைகளுக்கென்று விட்டு, வேட்டைக்கு யாரும் வரக் கூடாது என்று துறை பலகை நட்டிருந்தது. அதற்குக் காவலாள் வேண்டும் என்றபோது என்னைக் கூப்பிட்டார்கள். பலகையில் இருப்பதையே எனக்குப் படிக்கத் தெரியாதே சார் என்றேன். "எழுத்த நான் பாத்துக்கறேன், ஏரிய நீ பாரு வெள்ளையா" என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், கார்த்திகை மாதம். ஏரி ஓரத்தில் என் சாமை முற்றி நின்றது. பன்றிக் கூட்டம் பாதியை உழுதுவிட்டது. காவல்காரனான நானே, பன்றி புரளும் சேற்றில் ஒரு வெடி வைத்தேன். உருண்டையாக இருக்கும், கடித்தாலும் மிதித்தாலும் வெடிக்கும். சாயங்காலம் வைத்து, பொழுது விடிய எடுத்துவிடுவது வழக்கம். இப்படி எதை வைத்தாலும் நாலு பக்கமும் கோரையை வளைத்து முடிச்சுப் போட வேண்டும். அது எங்கள் மலைக் கட்டுப்பாடு. முடிச்சைக் கண்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடச் சுற்றிப் போகும். நாலு முடிச்சுப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்து படுத்தேன்.

விடிந்ததும் எடுக்கக் கிளம்பினால், வாசலில் சார் நிற்கிறார்கள். கூடவே சார் வீட்டு அம்மாவும் ஆறு வயசு சாந்தியும். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்துக்கு வாத்து காட்ட வேண்டுமாம். "எங்களக் காட்டிலும் அந்த வாத்துங்கதான் இவருக்குச் சொந்தம், அதான் மொகத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று அம்மா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரைமேலேயே நடத்திக் கூட்டிவந்துவிடலாம், வெடி இருப்பது எதிர்க்கோடியில்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பாதிக் கரை வரைக்கும் அப்படித்தான் போனோம். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும்போதெல்லாம் பாப்பா கை தட்டியது. அப்புறம் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக் கூட்டம் ஒன்று கோரைக்குள் நுழைய, சார் அதன் பின்னாலேயே சேற்றில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் அட்டை இருக்கிறது என்றேன், பாம்பு இருக்கிறது என்றேன். "இன்னா வெள்ளையா, இன்னைக்கு மட்டும் இவ்ளோ பயம்?" என்று கேட்டு நடந்துகொண்டே இருந்தார்கள். பாப்பா முன்னால் ஓடிவிட்டது.

கோரை நடுவிலிருந்து அதன் குரல் வந்தது. "மாமா, புல்லுல யாரோ மோதிரம் பண்ணி வெச்சிருக்காங்க. மூணு பறிச்சிட்டேன்."

மூன்று பக்கத்து முடிச்சும் அதன் கையில். அப்படியென்றால் குழந்தை நிற்பது நடுவில்.

சொன்னால் ஜெயில். சாமை நிற்கிறது, என் வீட்டுக்காரி எட்டு மாசம். ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். மறைக்கவில்லை. அந்த ஒரு மூச்சுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சார், பாப்பா நிக்கற எடத்துல வெடி கீது. நான்தான் வெச்சேன்" என்று சார் காதோரம் சொன்னேன்.

சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் அம்மாவின் வாயைப் பொத்தினார்கள். குரல் மட்டும் மாறவே இல்லை. "பாப்பா, அசையாத. உனுக்கு எதுர்லயே ஒரு கோழி குந்தினு கீது பாரு. கால எடுத்தா பறந்துடும்."

"பாத்துட்டேன்ப்பா."

என்னிடம் மெதுவாக, "எங்க?" என்றார்கள். முடிச்சு போய்விட்டது, தேடித்தான் பார்க்க வேண்டும் என்றேன். "தேடு" என்றார்கள்.

சேற்றில் வயிற்றைப் போட்டு, விரலால் கோரையை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனேன். தலைக்குமேல் அவர்கள் பேச்சுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, கால் அரிக்குது."

"அரிக்கட்டும். கோழி இன்னா பண்ணுது?"

"தலைய ஆட்டுது. அப்பா, மாமா ஏன் பாம்பு மாதிரி வர்றாரு?"

"கோழிக்குத் தெரியாம வர்றாரும்மா. நீ கோழியவே பாரு."

அது கையில் பட்டது. இரண்டு கையிலும் ஏந்தி, தண்ணீருக்கு நடந்து, மருந்து நனைந்து போகிற வரைக்கும் முழங்கால் ஆழத்தில் அமுக்கினேன். கோழி பறந்துபோனது. "மாமாதான் பறக்க வுட்டாரு" என்று பாப்பா கோபித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடியது. சார் பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே சார் கேஸ் எழுதினார்கள். காலில் விழுந்து பார்த்தேன். "எழுதாம வுட்டா நாளைக்கு இன்னொருத்தன் வெப்பான்" என்றார்கள். எழுதினதை வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். நான் வைத்தது இருந்தது. நானே வாய் திறந்து சொன்னதும், என் கையாலேயே எடுத்ததும் இருந்தது. அனுமதி இல்லாமல் குடும்பத்தை ஏரிக்குள் கூட்டிப்போனது தன் குற்றம் என்றும் இருந்தது. அதற்கப்புறம்தான் கைநாட்டு வாங்கினார்கள். எத்தனையோ காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறேன், படித்துக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

மூன்று மாசம் வேலூர் ஜெயிலில் இருந்தேன். வெளியே வந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, சாமை அறுத்து அடித்துக் குதிரில் கிடந்தது. அம்மா வந்து கூடவே அறுத்தார்களாம். சாரைத் திருப்பத்தூர்ப் பக்கம் மாற்றி உத்தரவு வந்திருந்தது. மூட்டை கட்டும் முன் என் வீட்டுக்கு வந்து ஒன்று சொன்னார்கள். "பாப்பாவுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சா தண்ணிப் பக்கமே வராது. பெருசானதும் நீ சொல்லு. நான் சொன்னா உன்ன காட்டிக் குடுத்த மாரி ஆய்டும்."

பாப்பா பெரிதாகி, பறவைகளைப் பற்றியே படித்து, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோழியைப் பற்றிப் பேசும். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் சார் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வேறு பேச்சு எடுப்பேன். ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை.

இதுவரைக்கும் எழுதிய சாந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "என் காலுக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம் மாமா?" என்று கேட்டது.

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியது.

பாப்பா கிட்ட சொல்லிட்டேன் சார். நீங்க போய்ட்டு வாங்க.