நவம் அண்ணையின் கை

செய்தி கொண்டு வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "நவம் அண்ணை மோசம் போட்டார். பின்னேரம் எடுக்கினம்" என்றார். நான் அப்போது லொறிக்கு டீசலுக்குப் பதிலாக ஊற்றுவதற்காக மண்ணெண்ணெயைத் துணியில் வடித்துக்கொண்டிருந்தேன். "போய்த் துலைஞ்சானோ?" என்று கேட்டேன். வந்தவர் திகைத்துப்போனார். இவ்வளவு காலமும் அந்த மனிதரை நான் 'அண்ணை' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செத்த செய்தி கேட்டபோதுதான் மரியாதை கழன்று விழுந்தது. சைக்கிள் ஒழுங்கைச் சந்தில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புனலைக் கீழே வைத்துவிட்டு, லொறியின் மிதிபலகையில் குந்தியிருந்து அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

சலரோகம், சீனி வியாதி. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் ஊசிமருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. பாதை திறந்திருந்த காலத்தில் கொழும்பிலிருந்து இந்த ஊருக்கு மருந்துப் பெட்டிகள் ஏற்றி வந்த மனிதருக்கு அதுதான் முடிவு.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். தாளுக்குத் தட்டுப்பாடு, பிள்ளைகளின் கொப்பித்தாளில்தான் அச்சு. அவருடைய மகள் வந்து, "மாமா, அப்பாவைப் பற்றி நல்லதாய் நாலு வரி எழுதித் தாங்கோ" என்றாள். நல்லதாய் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பண்பாளர், உபகாரி, இன்முகம் கொண்டவர் என்று அவர்கள் எழுதட்டும். இன்முகமாம்! அந்த முகத்தைக் கண்டால் நாய்கூட மற்ற ஒழுங்கையால் போய்விடும். இதை வாசிக்கிற லொறிக்காரர்களில் பாதிப் பேரின் கன்னத்திலாவது அவருடைய கை பட்டிருக்கும். உங்களிடம் போய் நான் பொய் எழுதினால் என்னைக் காறித் துப்புவீர்கள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் நான் வேலை செய்த கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். உரும்பிராயில் மனைவியின் தமக்கை வீட்டு விறாந்தையில் குடித்தனம். தமக்கையின் புருசன் சாப்பாட்டு நேரத்தில் எங்களை எண்ணுவதுபோலப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தப்பி எங்கேயாவது வேலைக்குப் போனால் போதும் என்றிருந்தது. அந்த ஊரில் ஒரு முதலாளி வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓடவிட்டிருந்தார். அவருடைய சாரதி ஒருவர் கண்டி வீதியால் போனவர் போனவர்தான், திரும்பி வரவில்லை. அந்த இடம்தான் காலியாக இருந்தது.

"கடை வான் ஓடினவனுக்கு லொறி ஓடத் தெரியாது. நவத்திட்டைப் பழகு. அவன் ஓமெண்டால் உனக்கு வேலை" என்றார் முதலாளி.

நவம் அண்ணை முற்றத்தில் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் நின்றார். என்னைவிட வயதில் இளையவர், மெலிந்த ஆள், கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிது.

"கொழும்பானோ?" என்றார்.

"ஓம்."

"லொறி ஓடப் போறியோ?"

"ஓம்" என்று சொல்லி வாய் மூடுமுன் பளாரென்று கன்னத்தில் விழுந்தது. நான் கையைத் தூக்கித் தடுத்தேன். ஆர்தான் தூக்கமாட்டான்?

"ஏன் கையைத் தூக்கினனீ?" என்றார்.

"நீங்கள் ஏன் அடிச்சனீங்கள்?"

"சென்ரியிலை ஆமிக்காரன் அடிக்கேக்கை ஏனெண்டு கேப்பியோ? கையைத் தூக்கினால் அவன் சுடுவான். உனக்கு முந்தி ஓடினவனும் இப்பிடித்தான் தூக்கினவன். போட்டு நாளைக்கு வா."

பயிற்சியின் முதல் நாள் அவ்வளவுதான். லொறிக் கதவைத் தொடக்கூட விடவில்லை. வயதில் மூத்த நான் அவரை அண்ணை என்று கூப்பிட வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம். "லொறிக்குள்ளை வயசு பாக்கிறேல்லை. முதல் ஏறினவன் அண்ணை" என்பார்.

ஓட்டம் பழக்கியதையும் சொல்ல வேண்டும். கியர் கத்தினால் தொடையில் நுள்ளுவார். வளர்ந்த மனிதனுடைய தொடையில், நகம் பதிய. பின்னுக்கு எடுக்கப் பழக்கிய விதம் அதைவிட மோசம். மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, லொறிக்குப் பின்னால் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று கூப்பிடுவார். அவருடைய நெஞ்சுக்கும் லொறியின் பின்பலகைக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்போது நான் நிறுத்தவேண்டும். "என்னை நசிச்சால் உனக்கு வேலை இல்லை, நினைவிருக்கட்டும்" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். பிறேக்கில் என் கால் கிடுகிடென்று நடுங்கும். ஒரு நாள், சற்றே தாமதமாக மிதித்தால் என்ன என்றும் யோசித்தேன். நடுங்கியதற்கு அந்த யோசனையும் ஒரு காரணம்.

ஒரு நாள் கிணற்றடியில் மனைவி என் தொடையைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது, தொடை முழுக்க நீலம்? ஆர் நுள்ளினது?"

"நவம் அண்ணை."

"ஆம்பிளையை ஆம்பிளை நுள்ளுறதோ? ஆருக்குக் கதை விடுறியள்?"

மறுநாள் தன் கண்ணால் பார்க்கவென்றே சோற்றைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். அவள் வந்த நேரம் சென்ரிப் பாடம், அதாவது ஆமியின் சோதனைச்சாவடியில் நடந்துகொள்ளும் பாடம், நடந்துகொண்டிருந்தது. வெங்காயச் சாக்குகளை அடுக்கி ஒரு காவலரண். நவம் அண்ணை மண்வெட்டிப் பிடியைத் துவக்காகத் தோளில் மாட்டிக்கொண்டு ஆமிக்காரனாக நிற்கிறார். நான் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திறப்பை உருவி, அதை எல்லோருக்கும் தெரியக் கையில் பிடித்தபடி இறங்க வேண்டும். சிரிக்கக்கூடாது. அழக்கூடாது. நிலத்தைப் பார்க்கக்கூடாது, அவனுடைய கண்ணையும் பார்க்கக்கூடாது, சட்டைப் பொத்தானைப் பார்க்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதற்கும் தடை. "உன்ரை வடிவான சிங்களம்தான் உன்னைக் கொல்லும். உவன் எங்கை இருந்து வந்தவன், ஆரிட்டைப் பழகினவன் எண்டு தோண்டத் துவங்குவான். நாலு சொல்லுக் காணும், அதையும் பிழையாய்ச் சொல்லு" என்பார். கடைசியில் அடி. வெங்காயம் கட்ட வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. சோற்றுப் பார்சலை நிலத்தில் வைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"உங்களுக்கு மனுசத்தன்மை எண்டு ஒண்டு இல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி" என்றார் அவர். "உமக்கு மனுசத்தன்மை வேணுமோ, புருசன் வேணுமோ?"

அவள் பார்சலை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் நவம் அண்ணையைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

ஒரு நாள் அவர் அடித்தபோது நான் அசையவில்லை. கை தொங்கினபடியே கிடந்தது, கண்கூடச் சிமிட்டவில்லை. அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார், மாடு வாங்க வந்தவர்போல. மற்றக் கன்னத்திலும் ஒன்று போட்டுப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் போய், "இனி இவனைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அப்படிப் போன ஒரு ஓட்டத்தில் ஒரு சென்ரியில் மறித்தார்கள். அது எந்தச் சென்ரி என்று இங்கே எழுதவில்லை, அந்தக் காலத்தில் ஓடியவர்களுக்குத் தெரியும். நல்ல மத்தியான வெயில். எங்களுக்கு முன்னும் பின்னும் லொறிகள். நான் ஓட்டினேன், அண்ணை என் இடப்பக்கத்தில் இருந்தார். எங்களுக்கு வந்து வாய்த்தவன் மீசை சரியாக அரும்பாத ஒரு பொடியன். சாக்குகளை இறக்கச் சொன்னான், இறக்கினேன். அவிழ்க்கச் சொன்னான், அவிழ்த்தேன். காற்று ஒன்று வந்து வெங்காயச் சருகுகளை வாரி அவன் சட்டையெல்லாம் ஒட்டிவிட்டது. உடனே கையை ஓங்கி எனக்கு அறைந்தான்.

நான் கையைத் தூக்கவில்லை. நிலத்தைப் பார்க்கவில்லை. பொத்தானைத்தான் பார்த்தேன். எல்லாம் படித்தபடி. ஆனால் அந்த அறை இருக்கிறதே, அது ஒரு அறையே இல்லை. நவம் அண்ணையின் கையை இவ்வளவு நாளும் தின்ற கன்னத்துக்கு அது சின்னப்பிள்ளை தட்டியதுபோல இருந்தது. அட, இதுக்கோ இவ்வளவு பாடும் என்று மனதில் ஓடியது. நான் சிரித்துவிட்டேன்.

சிரித்தது எனக்கே பிறகுதான் தெரியும். பொடியனின் முகம் கறுத்துவிட்டது. இரண்டடி பின்னால் போய்த் துவக்கை லோட் பண்ணி, முழங்காலில் இருக்கச் சொன்னான். இருந்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணுக்குள் வந்தார்கள், தமக்கை வீட்டு விறாந்தையோடு சேர்த்து. அவ்வளவுதான் என்று விளங்கிவிட்டது.

அப்போது இடப்பக்கக் கதவு திறந்தது. நவம் அண்ணை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சேர், சேர்" என்று கூப்பிட்டபடி வந்தார். தன்னுடைய நாலு சொல்லுச் சிங்களத்தில், "இது மாடு சேர், புது மாடு, நான் பழக்குகிறேன்" என்றார். என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அடிக்கத் தொடங்கினார்.

முற்றத்தில் அடித்த அடி இல்லை அது. மூக்கு உடைந்தது. விழுந்தேன், காலால் உதைத்தார், தூக்கி நிறுத்தித் திரும்ப அடித்தார். காவலரணுக்குள் இருந்த மற்ற ஆமிக்காரர்களும் வெளியே வந்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. வரிசையில் நின்ற சாரதிகள் எல்லோரும் தங்கள் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னைச் சுட நின்ற அதே பொடியன்தான் துவக்கைத் தாழ்த்தி, "போதும், போதும், ஏற்றிக்கொண்டு போ" என்று சிங்களத்தில் சொன்னான்.

நவம் அண்ணை கையை நிறுத்தினார். அவனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் ஒரு அடி அடித்தார், இடது காதைப் பொத்தி. அந்த ஒன்றோடு காதுக்குள் ஙொய் என்று ஒரு இரைச்சல் எழும்பியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

வாயசைவைப் பார்த்துத்தான் அவர் சொன்னதை விளங்கிக்கொண்டேன். "சாக்கை ஏத்து. நீயே ஓடு."

ஓடினேன். கியர் ஒன்றும் கத்தவில்லை. வெகு தூரம் போய் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். "முகத்தைக் கழுவிப்போட்டு வா, வெங்காயம் வாங்கிறவன் உன்னைப் பாத்துப் பயப்பிடப்போறான்" என்றார். கழுவிவிட்டு வந்து, கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பி இருந்துகொண்டு, ஏன் அவ்வளவு அடித்தீர்கள் என்று கேட்டேன். தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "நான் குறைச்சு அடிச்சிருந்தால், மிச்சத்தை அவன் துவக்காலை முடிச்சிருப்பான்."

அது உண்மைதானே. கொழும்பில் பார்த்த டொக்டர் செவிப்பறை கிழிந்துவிட்டது, இனிச் சரிவராது என்றார். அதற்குப் பிறகு பாதை பூட்டும் வரைக்கும் நாங்கள் ஒன்றாகத்தான் ஓடினோம். எஞ்சின் இரைச்சலோடு இடப்பக்கத்தில் இருந்து அவர் என்னைத் திட்டியதில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அவர் அது தெரிந்தும் திட்டிக்கொண்டுதான் வந்தார்.

ஆனால் அந்தக் கடைசி அடி எனக்குச் செமிக்கவில்லை. முந்தியதெல்லாம் என்னைக் காப்பாற்ற அடித்தது. சரி, கும்பிடுகிறேன். அவன் போதும் என்று சொன்ன பிறகு விழுந்தது என்னத்துக்கு? சிரித்ததற்குத் தண்டனையா? அடித்து அடித்து ருசி கண்டுவிட்டாரா? பக்கத்துப் பக்கத்தில் இருந்து எத்தனையோ பயணம் போயும் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஓம், ருசிக்குத்தான் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். சொல்லக்கூடிய ஆள்தான் அவர்.

படுக்கையில் விழுந்த பிறகு உடுவிலில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கண்ணும் பாதி போய்விட்டது. கடைசியாகப் போனபோது, இனிக் கேட்காமல் விட்டால் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. மகள் கிணற்றடிக்குப் போகும் வரை பொறுத்திருந்தேன்.

"அண்ணை, அவன் போதுமெண்ட பிறகு ஒண்டு அடிச்சனீங்கள். அது என்னத்துக்கு?"

எந்த அடி என்று கேட்பார், மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"அது உனக்கு இல்லையடா" என்றார். "அது அவனுக்கு. அவனுக்கு அடிக்க ஏலாது. கிட்ட நிண்டது நீ."

மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, வெளிக்கிடு. ஆமி செல் அடிக்கத் துவங்கினால் உன்னாலை சைக்கிள் உழக்க ஏலாது" என்றார். கேட்கிற காதால் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி.

உங்களில் சிலர் அவர் பழக்கிய ஓட்டத்தை வைத்திருப்பீர்கள். என் காலிலும் அது இருக்கிறது. உயிரும் இருக்கிறது, அதையும் அவர் தந்ததென்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருடையது என்று சொல்லி நான் சாகும்வரை வைத்திருக்கப்போவது இந்தச் செவிட்டுக் காதைத்தான். அவர் தன்னுடைய ஆயுளில் ஒரு ஆமிக்காரனுக்கு அடித்த ஒரே அடி இதற்குள்தான் கிடக்கிறது.