வெறுந்தட்டில் கொத்து

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற அத்தனை பேரும் பதுங்குகுழிக்குள் இருந்தோம். குண்டு போடப் பொம்மர் வரவில்லை. ஹெலி வரவில்லை. சந்தியில் உள்ள கொத்துரொட்டிக் கடையில் கோதுமை மா முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

மா முடிந்தால் எதற்குப் பதுங்குகுழி? நியாயமான கேள்வி. பதில் சொல்வதென்றால் மாரி முடிந்த நாட்களுக்குப் போக வேண்டும்.

மானிப்பாய் வீதியில் எங்கள் ஒழுங்கை ஏறுகிற சந்தியில் ஒரு சைக்கிள் கடை நெடுநாளாய்ப் பூட்டிக் கிடந்தது. அதன் சுவரில் ஒரு நாள் ஊர்ச் சபை ஓர் அறிவித்தலை ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் கொத்துரொட்டிக் கடை நடத்த ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார், அயலவர்களுக்கு ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரலாம் என்று.

அயலவர் என்றால் முதல் ஆள் நான். அந்தக் கடைச் சுவரும் என் வளவுச் சுவரும் ஒரே சுவர்.

அனுமதி கேட்டவர் பெயர் தவராசா. வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். ஊரில் கொத்துக்கடை நடத்தியவர். வரும்போது வேறொன்றும் எடுக்க முடியாமல், கொத்து வெட்டுகிற இரும்புத் தட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாராம். அந்தத் தட்டோடு மனைவி, பிள்ளைகள், காது கேளாத மாமனார்.

ஆளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் எனக்கு நித்திரை வருமா?

எங்கள் ஒழுங்கையில் எழுத்து வேலை என்றால் நல்லையா மாஸ்டர்தான். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தை நீங்கள் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்… சபைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே மாஸ்டரே எழுதினார். புகை வரும். இலையான் மொய்க்கும். இளந்தாரிகள் சைக்கிளில் வந்து குவிவார்கள். அயலின் அமைதி கெடும். எல்லோரும் கையெழுத்து வைத்தோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அந்தாளைக் கொண்டு ஒரு முட்டைக் கொத்து வெட்டுவிச்சுத் தந்திட்டு எழுதியிருக்கலாம்" என்றாள். "எப்பிடி இருக்குமெண்டு தெரியாமலே வேண்டாமெண்டிட்டியள்."

அவளுக்கு விளங்கவில்லை. புகையும் இலையானும் மாஸ்டரின் கவலை. என் கவலை அவளுடைய முழங்கால்.

சபைச் செயலாளர் நேரில் வந்து விசாரித்தார். கையில் ஒரு வரைபடம். சண்டை தொடங்க முந்தி, பெற்றோலும் கறண்டும் இருந்த காலத்தில் கீறியது. அதில் சந்தி வியாபாரப் பகுதி, ஒழுங்கை குடியிருப்புப் பகுதி. இரண்டையும் பிரிக்கிற சிவப்புக் கோடு என் வளவுக்கு நடுவால் போகிறது. என் கோழிக்கூடு வியாபாரப் பகுதி. என் குசினி குடியிருப்புப் பகுதி. கோழிகள் இதுவரை வரி கட்டியதில்லை.

மாஸ்டர் தன் காரணங்களை வாசித்தார். செயலாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன ஆட்சேபனை?"

"சத்தம், ஐயா."

"கொத்தெண்டால் சத்தம் வரும்தானே."

"என்ரை மனிசிக்கு முழங்கால் ஏலாது, ஐயா."

செயலாளர் பேனையை மூடிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

விளங்கப்படுத்தினேன். எங்கள் வளவில் ஒரு முழம் தோண்டினால் கல். பதுங்குகுழி வெட்ட முடியாது. ஒழுங்கைக்கெல்லாம் ஒரே குழிதான், அதுவும் ஒழுங்கையின் மற்றக் கடைசியில், மாஸ்டரின் வளவில். மற்றவர்கள் பொம்மரின் இரைச்சல் கேட்டபின் எழும்பி ஓடினால் போய்ச் சேரலாம். என் மனைவியால் ஓட ஏலாது. ஒரு கையால் வேலியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே மற்றவர்களுக்குக் கேட்கிறதற்கு முந்தி எனக்குக் கேட்க வேண்டும். அதற்காக நான் றேடியோப் பெட்டியை விட்டேன். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டேன். தும்மல் வந்தாலும் அடக்குகிறேன். இந்த நிலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரும்பில் இரும்பை அடித்துக்கொண்டு நின்றால்?

செயலாளர் வரைபடத்தை மடித்தார்.

"சத்தத்துக்குச் சட்டம் இருக்கு" என்றார் செயலாளர். "முழங்காலுக்கு இல்லை."

அப்போதுதான், அதுவரை ஒரு பக்கமாய் நின்ற தவராசா வாய் திறந்தார்.

"ஐயா, மாமா கடைக்கு வெளியிலை மரவாங்கிலை இருப்பார். கடற்காரர். றோட்டுக்கு அங்காலை வயல்வெளிதானே, வானம் முழுக்கத் தெரியும். தூரத்திலை ஒரு புள்ளி தெரிஞ்சாலும் மேசையிலை தட்டுவார். நான் கையை நிப்பாட்டிடுவன்."

"அவருக்குக் காது கேளாதே" என்றார் மாஸ்டர்.

"வானம் பாக்கிறதுக்குக் காது என்னத்துக்கு மாஸ்டர்?"

செயலாளர் பேனையைத் திறந்தார். அனுமதியை நிபந்தனைகளோடு கொடுத்தார். கழிவுநீர்க் குழி கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பொழுதுபட்டபின் விளக்கு வைத்துக் கடை நடத்தக் கூடாது. கொத்து வெட்டும் நேரம் முழுவதும் ஒருவர் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

உலகத்தில் வேறெந்தச் சபையாவது சாப்பாட்டுக் கடைக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஆறுதலும் வரவில்லை. காது கேளாத ஒரு கிழவரின் கண்ணை நம்பி என் மனைவியை விடுவதா?

கடை திறந்தது. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும். முதலில் வெங்காயத்துக்கு மெதுவாய் நாலு தட்டு. பிறகு ரொட்டி விழும். கையில் பிடித்து வெட்டுகிற இரண்டு தகடும் ஓடத் தொடங்கும் — டக்கர டக்கர என்று, மூச்சு விடாமல். கடைசியில் தட்டைச் சுரண்டி வழிக்கிற ஒரு வறண்டல். என் கோழிகள் முதல் வாரம் முட்டை இடவில்லை. நான் கிணற்றடியில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதை வானத்துக்குக் கொடுத்தேன். இரண்டு காதிலும் கொத்துத்தான் கேட்டது.

சந்தியால் போகும்போதெல்லாம் கிழவரைப் பார்ப்பேன். கதிரேசர் என்று பெயர். வாங்கில் இருந்து, முதுகைக் கடை மேசையில் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வயலுக்கு மேலே பார்த்தபடி இருப்பார். முதுகில் மேசை அதிர்கிற வரைக்கும் வெட்டு நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதிர்வு நின்றால் வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை. நான் கத்தரிப் பாத்திக்கு வாய்க்கால் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். மனைவி குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "கொத்து நிண்டிட்டுது."

"முடிஞ்சிருக்கும்."

"வறண்டேல்லை. அரைவாசியிலை நிண்டிட்டுது."

மண்வெட்டியைப் போட்டேன். "கெதியா வாரும்."

வேலியைப் பிடித்து, என்னைப் பிடித்து, ஒழுங்கையில் பாதி வழி வந்தோம். அயலெல்லாம் அமைதி. மாஸ்டர் கேற்றடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "எங்கை ரெண்டு பேரும் உலாத்தோ?" என்று கேட்டார். நாங்கள் அவரைத் தாண்டி உள்ளே போனோம். குழி வாசலில் அவளைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இரைச்சல் வந்தது.

ஒழுங்கைச் சனம் ஓடி வந்து விழுந்தபோது அவள் உள்ளே வசதியாய் இருந்து காலை நீட்டியிருந்தாள். "வாங்கோ, வாங்கோ" என்றாள், கலியாண வீட்டில் ஆட்களை வரவேற்பதுபோல. "தள்ளி இருங்கோ மாஸ்டர், முழங்காலிலை முட்டாதேங்கோ."

அன்று குண்டு விழுந்தது வேறு ஊரில். அங்கே யாருக்கு முழங்கால் ஏலாது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப்பிறகு நாங்கள் எல்லோரும் வானத்தைக் கேட்பதை விட்டுவிட்டுக் கொத்தைக் கேட்கத் தொடங்கினோம். கொத்து ஓடுகிறதா, பயமில்லை. பிள்ளைகள் படிக்கும், பெண்கள் தலைக்கு முழுகுவார்கள். நான்கூட ஒரு நாள் அடக்காமல் தும்மினேன். அமைதி கெடும் என்று கையெழுத்து வைத்த நாங்கள், டக்கர டக்கர கேட்டால்தான் அமைதியாய் இருந்தோம்.

ஆனால் மாவுக்கு இது தெரியாதே. மா வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. செவ்வாய்க்கிழமை அரைவாசி வெட்டில் தவராசாவுக்கு வேறொரு யோசனை வந்திருக்கிறது — கடைசி ரொட்டியை வீட்டுப் பிள்ளைகளுக்கு வைப்பம் என்று. கையை நிறுத்திவிட்டார். ஒழுங்கை முழுவதும் குழிக்குள். மாஸ்டர் முகத்தில் சவர்க்கார நுரையோடு வந்திருந்தார், பாதி தாடி வழித்தபடி. இருந்தோம், இருந்தோம்… நுரை காய்ந்து உதிர்ந்தது. இரைச்சலைக் காணோம். கடைசியில் தவராசா தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுநாளும் கொத்து அரைவாசியில் நின்றது. "மா முடிஞ்சிருக்கும்" என்று சனம் அசையவில்லை. என் மனைவி மட்டும் எழும்பி நடந்தாள். அன்றும் ஒன்றுமில்லை. இரவு அவளுடைய முழங்கால் வீங்கிப்போயிற்று. நான் எண்ணெய் பூசும்போது அவள் சொன்னாள்:

"நாளைக்கு நிண்டா நான் எழும்பமாட்டன். ஏலாது."

அவள் பயந்து சொல்லவில்லை. சும்மா, உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் விடியும் வரைக்கும் முழித்திருந்தேன்.

விடிந்ததும் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி" என்றார் மாஸ்டர், "மா முடிஞ்சாலும் வெட்டை நிப்பாட்டாதையும்."

தவராசா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னத்தை வெட்டுறது?"

"ஒண்டையும் வெட்ட வேண்டாம். தட்டிலை அடியும். பொழுதுபடும் மட்டும்."

"சத்தம் கூடாதெண்டு பெட்டிசம் எழுதினது நீங்கள்தானே, மாஸ்டர்?"

"அது அப்ப" என்றார் மாஸ்டர்.

"உதுக்கு ஏன் அடிக்க வேணும்? மா முடிஞ்சால் நான் ஒரு குரல் குடுக்கிறன், கொத்து முடிஞ்சுதெண்டு. பிறகு மாமா சும்மா இருந்து வானத்தைப் பாக்கட்டும். புள்ளி தெரிஞ்சால் திரும்பக் குரல் குடுக்கிறன்."

நல்ல யோசனையாய்த்தான் இருந்தது. கத்தினால் கொஞ்சம் பிடிபடும் என்று தவராசா மாமனாரின் காதுக்குள் குனிந்து உரக்கச் சொன்னார். கதிரேசர் முழுவதையும் கேட்டார்.

"கொத்து வெட்டினாப் பாப்பன்" என்றார். "சபை சொன்னது அதுதான். சும்மா வானத்தைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கென்ன விசரே?"

"ஐயா, என்ரை மனிசிக்காக…" என்று நான் தொடங்கினேன். அவருக்குக் கேட்கவில்லை. வாங்கில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"அவர் அப்பிடித்தான்" என்றார் தவராசா. "கடலிலையும் முறைக்குத்தான் முழிச்சிருப்பார். முறை முடிஞ்சால் புயல் வந்தாலும் எழும்பார். ஆனா முறையிலை கண் மூடமாட்டார். முதுகிலை அதிர்ந்தாத்தான் முறை எண்டு நினைக்கிறார். நான் என்ன செய்யிறது? வெட்டி முடிஞ்சால் எனக்கும் கை ஓய வேணும்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மா முடிந்தபின் பொழுதுபடும் வரைக்கும் ஒழுங்கைக்காரர் முறை வைத்து வெறுந்தட்டில் வெட்டுவது. வெள்ளிக்கிழமை மாஸ்டர். சனிக்கிழமை நான். அடுத்த நாட்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. புள்ளி தெரிந்தால் கிழவர் மேசையில் தட்டுவார், நாங்கள் கையை நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஒழுங்கை எழும்பும்.

யோசித்துப் பார்க்கிறேன். சபையின் வரைபடம் சத்தத்தை ஒரு பக்கமும் சனத்தை மறுபக்கமும் வைக்கத்தானே கீறியது? இப்போது எங்கள் சனம் எந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்று பார்த்து வீடு தேடுகிறது. போன கிழமை ஒருவர் வந்து ஒழுங்கைக்குள் வாடகைக்கு அறை கேட்டார். "கொத்துக் கேக்கிற பக்கமாய் இருந்தால் நல்லது" என்றார்.

மாஸ்டரின் முதல் முறையைப் பார்க்கப் போயிருந்தேன். நஷனல் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாய் நின்று, முத்திரை குத்துகிற வேகத்தில் வெட்டினார். வீதியால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஒரு முட்டைக் கொத்து."

"இல்லை" என்றார் மாஸ்டர், வெட்டிக்கொண்டே.

"அப்ப என்ன வெட்டுறியள்?"

"ஒண்டுமில்லை."

வந்தவர் தட்டைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். கிழவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவரும் ஒரு முறை வானத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறி வேகமாய்ப் போனார்.

நேற்று என் முறை. தகடு இரண்டும் நினைத்ததைவிடப் பாரம். முதலில் மெதுவாய் நாலு, பிறகு ஓட்டம், கடைசியில் வறண்டல், திரும்பவும் முதலிலிருந்து. கிழவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை. பொழுதுபட்டது. தோள் இரண்டும் கழன்ற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மனைவி வாசலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. பின்னேரம் முழுவதும் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லையாம்.

"கை நல்லா ஓடுது" என்றாள். "உப்புத்தான் கொஞ்சம் காணாது."