பால்மா டின் தகடு

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், கண்டிக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான் தையல் மெஷினில் இருந்தேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எனக்கு அப்போது தேசிய அடையாள அட்டை இல்லை. எங்கள் தோட்டத்தில் பலருக்கும் இல்லை. வழியில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கும்போது நான் நீட்டியது தொழிற்சாலை தந்த அட்டையைத்தான். புரட்டிப் பார்த்துவிட்டு ஏறச் சொல்வான். அந்த அட்டைக்காகவே வேலையைப் பிடித்துத் தொங்கினேன் என்றாலும் தப்பில்லை.

நாங்கள் தைத்தவை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சட்டைகள். கையின் முனையில் பட்டி வைத்துத் தைக்கும் வேலை என்னுடையது. துணி வழுக்கும், ஓரம் கோணும், பிரித்துத் தைக்க வேண்டிவரும். ஏச்செல்லாம் எனக்குத்தான். மெஷின் திருத்துகிறவர் அலவத்துகொடக்காரர்; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். என் புலம்பல் தாங்காமல் ஒருநாள் அவர் பால்மா டின் ஒன்றை வெட்டி, வளைத்து, ஊசிக்கு முன்னால் பூட்டினார். துணி தானாக மடிந்து உள்ளே போனது. நான் அதோடு விட்டேனா? வாய் அகலம், இந்தப் பக்கம் நூல் இழுக்கிறது என்று நச்சரித்தேன். அவரும் சலிக்காமல் கழற்றிக் கழற்றி வளைத்தார். ஒரு மாதத்தில் எங்கள் மெஷின் லைன் முழுவதும் அந்தத் தகடுதான்.

பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து மெஷின் விஷயம் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். என் பின்னால் வெகுநேரம் நின்றார். தகட்டைக் கழற்றித் தரச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். வந்த மனிதர் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டால் அதைக் கையில் கொடுத்தனுப்புவது நானா வீட்டு வழக்கம். புதிதாக ஒன்று செய்து, அளவுகளையும் ஒரு கடதாசியில் கீறி, அழகாகச் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே அதே தகடு, உருக்கில் செய்தது. ஒவ்வொன்றிலும் கம்பெனியின் முத்திரை, பதிவு இலக்கம். இந்த அமைப்பு தங்களுக்கே சொந்தம், இதைப் பார்த்துச் செய்த வேறு எதையும் பாவிக்கும் தொழிற்சாலைக்கு இனிச் சட்டை ஓடர் கிடையாது என்று ஒரு கடிதமும் இருந்தது. எங்கள் டின் தகடுகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்க் கத்துவது?

மறுநாள் தொழிற்சாலை முகாமையாளர் நானாவை அறைக்குக் கூப்பிட்டார். முதல் தகடு என் மெஷினில் இருந்ததால் என்னையும் கூப்பிட்டார். மேசையில் ஆங்கிலத்தில் ஒரு கடதாசி. நானாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"அதுல என்ன எழுதி ஈக்குது, தங்கச்சி?"

"அவங்க தகட்டப் பாத்துத்தான் நீங்க செஞ்சீங்களாம், நானா. இனிமே செய்யமாட்டேன்னு கையெழுத்து வைக்கணுமாம்."

"நான்தானே அந்த வெள்ளக்காரருக்குக் குடுத்தது," என்றார் நானா, யாரையும் பார்க்காமல்.

தனக்கும் அது தெரியும் என்று முகாமையாளர் சிங்களத்தில் சொன்னார். ஓடர் போனால் எல்லோரும் வீட்டுக்குத்தான், கையெழுத்து வைக்காவிட்டால் நானாதான் முதலில் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, குனிந்துகொண்டே சொன்னார். கம்பெனிக்கு முன்பே வேறொருவர் அதைச் செய்திருந்தால் கம்பெனியின் உரிமை செல்லாது, அதற்காகத்தான் இந்தக் கடதாசி என்பது எனக்குப் பல வருடம் கழித்தே விளங்கியது.

நானா கையெழுத்து வைத்தார். முகாமையாளர் பேனையை என் பக்கம் தள்ளினார். கீழே சாட்சிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். நாளைக் காலையில் பஸ்ஸிலிருந்து இறக்கினால் எதை நீட்டுவது என்ற ஒன்றுதான் என் புத்தியில் ஓடியது.

"போடுங்க தங்கச்சி," என்றார் நானா. "நீங்களும் வேலைய விட்டுட்டு என்ன செய்ய?"

போட்டேன். அவர் கையெழுத்து வைத்தது தன்னைப் பற்றிய பொய்க்கு. நான் வைத்தது அவரைப் பற்றிய பொய்க்கு. நேரில் கண்டவர் என்று என் கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.