இரண்டு கைகளுக்கு நடுவே

போன ஞாயிறு மயிலாப்பூரில் பழைய ஐரோப்பிய அச்சுப்படக் கண்காட்சி. என் கணவரையும் வலுக்கட்டாயமாகக் கிளப்பிக்கொண்டு போனேன். விட்டிருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருப்பார்!

விஷயம் இதுதான். அடையாறில் எங்களுடையது தரைத்தள ஃப்ளாட். மாடி வீட்டு சேகர், எங்கள் பார்க்கிங்கில் தன் காரை நிறுத்துகிறார். சொல்லிப் பார்த்தாயிற்று, அசோசியேஷனில் கத்தியும் பார்த்தாயிற்று. "இன்னிக்கு கம்ப்ளெயின்ட் குடுக்காம விடமாட்டேன்" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

கண்காட்சியில் ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்தது. பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருவெள்ளம். நோவா தப்பிக்கக் கட்டிய மரக்கப்பலான பேழை எங்கோ தூரத்தில், சின்னதாக. முன்னால் முழுக்க... அதில் இடம் கிடைக்காத ஜனங்கள். ஒருத்தி தலையில் அண்டா. உயிர் போகிற நேரத்தில் அண்டாவா என்று நான் சிரிக்க முடியுமா? எங்கள் வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்தபோது மிக்ஸியைக் கட்டிக்கொண்டு படியேறியவள் நான்.

அங்கிருந்த பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அம்மாடி... வண்ணம் இல்லை, பூச்சு இல்லை. அத்தனையும் கோடு. தலைமுடியை விட மெல்லிய கோடுகள் வளைந்து அலையாகின்றன, நெருங்கி இருட்டாகின்றன. மனிதக் கையா இதைச் செய்தது?

"இங்க பாரு" என்றார் இவர்.

பாறை மேல் குப்புறப் படுத்து ஒருவன் கை நீட்டுகிறான். தண்ணீரிலிருந்து இன்னொரு கை. இரண்டும் இன்னும் தொடவில்லை. நடுவே ஒரு கோடுகூடப் போடாமல் வெறும் காகிதமாக விட்டிருக்கிறார் அந்தக் கலைஞர். படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான். எத்தனை நூற்றாண்டாக அந்தக் கை நீண்டபடியே இருக்கிறது!

"பிடிச்சுடுவான் இல்ல?" என்றார். தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்தது. வெள்ளத்தன்று கழுத்தளவு தண்ணீரில் வழுக்கி விழுந்த இவரை, அதே மணிக்கட்டைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தவர் சேகர். அதை மறக்க எங்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு கார் நிறுத்துகிற அளவு இடம்.

வீடு திரும்பினால்... வழக்கம்போல எங்கள் இடத்தில் சேகரின் கார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சேகர் சாவியோடு இறங்கி வந்தார், சண்டைக்குத் தயாரான முகத்தோடு.

"இப்பவே எடுக்கணுமா சார்?"

"இருக்கட்டும் சேகர். மேல வர்றோம், காபி போடச் சொல்லுங்க."

எங்கள் கார் தெருவில் நனைந்தது. நனையட்டுமே!