தவறவிட்ட அடி

"பந்து இங்கன கிடக்குதுங்க தொரை!"

இடுப்பளவு வளர்ந்த மானாப்புல்லுக்குள்ளிருந்து மச்சான் சந்தோஷமாகக் கூவிய அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர் என் அக்காவின் புருஷன். தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரையின் கோல்ஃப் பையைச் சுமப்பவர். இரத்தினபுரிப் பக்கத்தில் துரைமார் கிளப்பொன்றில் தேநீர் பரிமாறுவது என் வேலை. அன்று கோப்பைக்கான கடைசி ஆட்டம். கடைசிக் குழி எங்கள் விறாந்தைக்கு நேர் எதிரே இருந்தது.

பெரியதுரை அடித்த பந்து புல்லுக்குள் போய்விட்டது. தொலைந்தால் ஆட்டமும் போய்விடும். மச்சான் ஒரு பக்கம் குனிந்து தேட, துரை மறுபக்கம் கால்சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்தை நழுவவிட்டு, கிடைத்துவிட்டதென்று கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் கூவினார்.

"அது நீ போட்ட பந்து! என்னய கள்ளனாக்கிச் சின்னத்தொரை ஜெயிக்கணும்னு போட்டது, களவாணி!" என்று பெரியதுரை கத்தினார்.

எதிர்த்து ஆடிய சின்னதுரை அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பந்து நழுவியபோது பக்கத்திலேயே நின்றிருந்தார். மச்சான் அவரைத்தான் நம்பிப் பார்த்தார். "நீங்க பாத்தீங்கதானே தொரை? சொல்லுங்க."

"நான் ஒண்ணும் பாக்கல்ல" என்றார் சின்னதுரை.

பிறகு அவருடைய முறை வந்தது. குழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மழையில் ஊறிய தரையிலும் பந்தைச் சொன்ன இடத்தில் நிறுத்துகிறவர் அவர். அன்று அவர் அடித்த பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அப்பால் போனது. துரைமார் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மட்டும் உடம்பு எரிந்தது. வேண்டுமென்றே தவறவிட்டார், அதையும் எவருக்கும் தெரியாதபடி எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்! பெரியதுரை கள்ள ஆட்டக்காரர் என்பது கிளப்புக்கே தெரிந்த கதை. அவர்மேல் எனக்கு வந்தது அருவருப்புதான். என் கோபமெல்லாம் இவர்மேல். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு எதற்காக இப்படிக் குனிந்தார்?

மறுநாளே மச்சானுக்கு வேலை நீக்கப் பற்றுச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். அக்கா கைக்குழந்தையோடு மழையில் நனைந்துகொண்டே இறங்கிப் போனாள். கொடகவெலப் பக்கம் ஒரு தோட்டத்தில் மச்சானுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை கிடைத்தது. களவாணி என்ற பேரும் கூடவே போனது.

பெரியதுரை சீமைக்குப் போனபின் சின்னதுரையே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருநாள் தேநீர் வைத்த என்னிடம், "மச்சானை வரச் சொல்லு. நான் பழசை மறந்தாச்சு" என்றார்.

போய்ச் சொன்னேன். மச்சான் பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"களவாண்டது அவங்க. மறக்கிறதும் அவங்களா? அந்த அத்தனை தொரைமாரையும் கூட்டிவச்சு நடந்ததைச் சொல்லச் சொல்லு. அப்புறம் வாறேன்."

அதை ஒரு சொல் விடாமல் துரையிடம் ஒப்பித்தேன். அவர் முகம் சிவந்தது. "திமிர் இன்னும் அடங்கல்ல" என்றார்.

கையிலிருந்த தட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். அக்கா குடியிருந்த லயத்து அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஏன் வந்தாய் என்று மச்சான் கேட்கவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.