குடைப்பெண் வாய் திறந்த நாள்

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு படியேறிவிடுவாள். லிஃப்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நடுமாடியில் ஆள் மாட்டிக்கொண்டதாக போன் வந்தால் சாப்பிடுகிற தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். கெட்டுப்போனது எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. வாயும் அப்படித்தான். சரியான முந்திரிக்கொட்டை. தலைவலி என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவாள், அது வயிற்றுவலி மாத்திரையாக இருந்தாலும்.

அந்த வாயிடம் அதிகம் மாட்டிக்கொண்டு முழித்தவள் கூடவே இருக்கும் தங்கை. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். "ஸ்கூட்டர் பிரேக்தானே, காலையில பாத்துடறேன்" என்றாள் அக்கா. சில நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தபோது, "வேலை பிடிக்கலையா? விட்டுத்தள்ளு, வேற பாத்துக்கலாம்." அதற்கடுத்த முறை இன்னும் மோசம். "கல்யாண விஷயமா? பையன் யாருன்னு மட்டும் சொல்லு, மீதியை நான் பேசி முடிச்சுடறேன்." தங்கை அதோடு வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் அக்காவின் போனை வாங்கி அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"என்னடி இது?"

"கதை மாதிரிதான். படிச்சுக்கிட்டே போ. நடுவுல என்ன பதில் சொல்லப்போறேன்னு கேக்கும், ஒண்ணை அழுத்து. அவ்வளவுதான்."

நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணாக விளையாட வேண்டும். அங்கே வந்துபோகும் பெண்களில் யாரோடு மனம் ஒட்டுகிறதோ அவளோடு காதல். பெண்ணுக்கும் பெண்ணுக்குமா என்று லிஃப்டக்கா புருவத்தைத் தூக்கினாள். ஆனால் ரிப்பேர் முடிந்தபின் லிஃப்டை ஆளில்லாமல் மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை மொட்டைமாடி மோட்டார் அறையில் வேறு வேலை கிடையாது. சும்மா பார்ப்போமே என்று உள்ளே போனவள்தான், ஒரு வாரத்தில் சாப்பாட்டு நேரத்துக்குக்கூடக் கீழே இறங்குவதில்லை என்று ஆகிவிட்டது. நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் இவளிடம் சட்டென்று மயங்கிவிட்டாள். எதிர்ப் பூக்கடைக்காரியும் அப்படியே. தனக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று லிஃப்டக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் மனசு போனதென்னவோ குடைப்பெண்ணிடம். கொளுத்தும் வெயிலிலும் குடையோடு வந்து, தண்ணீரில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். ஒரு கட்டத்தில் அவள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பாள். மூன்று பதில்கள் வரும். டாக்டரைப் பார்க்கலாமா? எல்லாம் சரியாகிவிடும். நான் பேசி முடிக்கிறேன். அவற்றுக்கு அடியில், பதில் சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் ஒரு கோடு கரைந்துகொண்டே போகும். எதை அழுத்தினாலும் குடைப்பெண் லேசாகச் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். கதை முடிந்துவிடும். மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து லிஃப்டக்காவுக்குத் தூக்கமே கெட்டது.

"உன் விளையாட்டுல ஏதோ கோளாறு. செஞ்சவன் நம்பர் இருந்தா குடு, நான் பேசறேன்" என்றாள் தங்கையிடம்.

தங்கை சிரிக்கவில்லை. "கோளாறெல்லாம் இல்லக்கா. இன்னும் கொஞ்சம் விளையாடிப் பாரு."

அடுத்த நாள் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனில் அந்தக் கட்டம் வந்து நின்றது. அவசர அவசரமாக அழுத்தினாள். கையெல்லாம் கிரீஸ், திரை கேட்கவில்லை. துணியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். ம்ஹூம். கோடு கரைந்தே போய்விட்டது. போச்சு, பஸ் வரப்போகிறது என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனாள்.

பஸ் வரவில்லை. கொஞ்ச நேரம் குளத்துத் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குடைப்பெண் குடையை மடக்கிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். டிக்கெட் வாங்குவதற்காகவே தினமும் வந்தாளாம். வாங்கும்போது விரல் படுமே, அதற்காகவாம். லிஃப்டக்கா மோட்டார் அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கிரீஸ். கீழே இறங்கியபோது வாட்ச்மேன் என்னம்மா ஆச்சு என்று பதறிப்போனார்.

சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "குடைப்பொண்ணு பேசிட்டாடி" என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது. "எதை அழுத்தினே?"

"எங்க அழுத்தினேன். கையெல்லாம் கிரீஸ். பேசாம உக்காந்திருந்தேன், அவளே சொல்லிட்டா."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும்."

லிஃப்டக்காவின் நாக்கு நுனிவரை நாலு பதில் வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை பஸ்ஸில் இவளை ஏற்றி அனுப்பியிருக்கிறோம்! உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்நாளில் இவ்வளவு கஷ்டமான வேலை அவள் பார்த்ததில்லை.

"எங்க டாக்டருக்குப் பல் செட் செஞ்சு தர்ற லேப்ல ஒரு பொண்ணு இருக்கா" என்றாள் தங்கை. "அவளும் நானும் ரொம்ப நாளா விரும்பறோம்."

வீட்டுக்காரர், சொந்தக்காரர்கள், ஊரில் இருக்கும் அண்ணன், அண்ணி எல்லாரையும் எப்படிச் சமாளிப்பது என்று அக்காவின் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை. "ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, கேட்காமல் இருக்க முடியாமல் ஒன்றே ஒன்று கேட்டாள். "நாலு மாடி ஏறுவாளா?"

"ஏறி வந்திருக்காக்கா. ரெண்டு மூணு தடவை. மூணாவது மாடி திரும்பறப்போ உன் குரல் கேக்கும். அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டு இறங்கிப் போயிடுவா."

இந்த முறை அடக்கிவைப்பதற்கு லிஃப்டக்காவிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே தங்கையின் போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"கூப்பிடுடி அவளை. நடுமாடியில ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு இறங்குமா?"